சின்னஞ்சிறார் ஏறிய மேடை

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் நம் சேலம், நாமக்கல் சமவெளியின் பங்குப் பள்ளிகளில் ஒரு புதிய பரபரப்பு தோன்றிவிடுகிறது. வெளியே சாலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரிகள் சேகோ ஆலைகளை நோக்கிச் சென்றுகொண்டிருக்க, உள்ளே மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு வானதூதர் இறக்கையும் ஆட்டுக்குட்டியின் காதும் தைக்கப்படுகின்றன. இடையருக்குத் தாத்தாவின் துண்டு, ஞானியருக்கு அத்தையின் பட்டுச் சேலை, ஆட்டுக்குட்டிக்குப் பஞ்சு. குழந்தையின் வசனத்தைத் தாயும் சேர்ந்தே மனப்பாடம் செய்கிறாள். லாரி ஓட்டிச் சென்ற தந்தை விழா நாளுக்குள் ஊர் திரும்புவாரா என்பது பல வீடுகளில் அன்றாடக் கேள்வி.

இக்காட்சியை ஆண்டுதோறும் காணும் நாம், நான்கைந்து வயதுக் குழந்தையை மேடையேற்றி வசனம் பேசச் செய்யும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நர்சரிப் பள்ளிகளோடு வந்தது என்பர் சிலர். அருட்சகோதரிகள் கொண்டுவந்தது என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்பே, சிறுவரை மட்டுமே கொண்டு விடிய விடிய நாடகம் நடத்திய காலம் ஒன்று தமிழ் மண்ணில் இருந்தது. பாலர் சபைகள் என்றும் பாய்ஸ் கம்பெனிகள் என்றும் அழைக்கப்பட்ட அந்தக் குழுக்களின் கதையில் பெருமையும் உண்டு; நாம் கண்ணை மூடிக்கொள்ள விரும்பும் பக்கமும் உண்டு. நம் பள்ளி மேடைக்கு அவ்விரண்டும் உறவுடையவை என்பது நம் கருத்து.

பெரியவர்கள் நடித்த நாடகம் சீர்குலைந்து கிடந்த வேளையில்தான் சிறுவர்கள் மேடைக்கு அழைக்கப்பட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராக நடந்த ஸ்பெஷல் நாடகங்களில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும், பபூன் வேறோர் ஊரிலிருந்தும் அன்று மாலைதான் வந்து சேர்வர். ஒத்திகை கிடையாது. மேடையிலேயே ஒருவரையொருவர் மடக்குவர். கதையை விட்டு விலகித் தர்க்கம் செய்வர். குடித்துவிட்டு வருபவரும் உண்டு. இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகம் எங்கே போய் முடியும் என்பதை ஆசிரியராலும் சொல்ல இயலாது.

இந்த நிலையைக் கண்டு மனம் நொந்தவர்களுள் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த அவர், முதலில் தாமே நடிகராக விளங்கியவர். எமன், சனீசுவரன், இரணியன் போன்ற அச்சமூட்டும் வேடங்களில் பெயர் பெற்றவர். ஒருமுறை அவர் எமனாகத் தோன்றியதைக் கண்ட கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியில் கருச்சிதைவுற்றாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே கைவிட்டார் என்றும் நாடக உலகில் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். வேடத்தைக் களைந்தவர் ஆசிரியரானார். துறவுக் கோலம் பூண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எனப் பல நாடகங்களை எழுதிக் குவித்தார்.

அவர் எழுதியவற்றுள் ஞானசௌந்தரி சரித்திரமும் ஒன்று என்பதை நம் வாசகர் பலர் அறியார். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இரு கைகளும் வெட்டப்பட்டுக் காட்டில் விடப்பட்ட பெண், தேவதாயின் அருளால் கைகளைத் திரும்பப் பெற்ற கதை அது. கத்தோலிக்க இல்லங்களில் பாட்டிமார் சொல்லிவந்த இக்கதையைச் சைவத் துறவி ஒருவர் நாடகமாக்கினார்; தமிழ்நாடெங்கும் எல்லாச் சமயத்தாரும் அதைக் கண்டு அழுதனர். 1948இல் அது திரைப்படமாகவும் வந்து பெரும் வெற்றி பெற்றது.

சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். ஜெகந்நாத ஐயர் போன்றோர் நடத்திய பாலர் குழுக்களும் அக்காலத்தில் புகழ் பெற்றிருந்தன. சிறுவரைத் தேர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படையானது. எழுதியதை எழுதியவாறே சொல்லவும், சொன்ன இடத்தில் நிற்கவும், குருவுக்கு அடங்கவும் பெரியவர்கள் தயாராக இல்லை. சிறுவர்கள் அடங்குவர். கலைக்காகக் குழந்தையைத் தேடிச் சென்றார்கள் என்பதைவிட, கீழ்ப்படிதலுக்காகத் தேடிச் சென்றார்கள் என்பதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்தச் சபையில் சேர்ந்தவர்களுள் பெண் வேடத்தில் புகழ் பெற்றிருந்த கண்ணுசாமிப் பிள்ளையின் மைந்தர்களும் இருந்தனர். அவர்களுள் ஒருவரான சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. இச்சிறுவனுக்குப் பெரியதொரு பாத்திரம் தரவேண்டும் என்று விரும்பிய சுவாமிகள், ஒரே இரவில் அமர்ந்து அபிமன்யு சுந்தரி நாடகத்தை எழுதி முடித்தார் என்பது தமிழ் நாடக வரலாற்றில் புகழ் பெற்ற செய்தி. பாடல்களும் வசனங்களும் நிறைந்த முழு நாடகம். ஒரு குழந்தையின் குரலுக்கும் வயதுக்கும் ஏற்ப எழுதப்பட்ட நாடகம். எந்தப் பெரியவருக்காகவோ எழுதியதைச் சுருக்கிக் குழந்தையின் வாயில் திணிக்காமல், குழந்தையைக் கண்முன் நிறுத்திக்கொண்டு எழுதியமையே இதில் நாம் வியக்க வேண்டியது. இன்று பள்ளிகளுக்கு நாடகம் எழுதும் நம்மில் எத்தனை பேர் அவ்வாறு எழுதுகிறோம்?

அபிமன்யுவின் கதையை நம் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சேலம் மாவட்டத்துத் தெருக்கூத்தில் அபிமன்யு களத்தில் வீழும் இரவு, ஊரே அழும் இரவு. சக்கர வியூகத்துக்குள் நுழையக் கற்றிருந்த அச்சிறுவன் வெளியேறும் வழியை அறியாதவன். பாலர் சபைச் சிறுவர்களின் வாழ்வும் ஏறத்தாழ அத்தகையதே.

வறுமையே பெரும்பாலோரை அங்குக் கொண்டுவந்து சேர்த்தது. தந்தையை இழந்த எம்.ஜி.ராமச்சந்திரன், தம் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தபோது ஏழு வயதை ஒட்டிய சிறுவர். பசிக்குச் சோறு கிடைக்கும் என்பதே அன்று அவர் தாய்க்கு ஆறுதல். சிவாஜி கணேசனோ தாய் தந்தையர் இருந்தும், நாடக ஆசையால் தாம் ஓர் அநாதை என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்தவர். அவர் ஏற்ற முதல் வேடம் சீதை. அதன்பின் பல ஆண்டுகள் வீட்டார் முகம் காணாமல் அவர் ஊர் ஊராகத் திரிய நேர்ந்தது. அவரே பிற்காலத்தில் கூறிய செய்திகள் இவை. சேர்த்துக்கொள்ள எளிதாக இருந்தது எத்தகைய பிள்ளை என்பதை ஏழு வயதிலேயே அவர் புரிந்துகொண்டிருந்தார் என்பதுதான் நம்மைச் சுடுகிறது.

கம்பெனி வீட்டில் எல்லாச் சிறுவரும் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்குவர். பாட்டும் வசனமும் வாத்தியார் சொல்லிக்கொடுக்கக் கேட்டு மனப்பாடம் செய்யப்படும். தவறியவனுக்கு அடி விழும். சில கம்பெனிகளில் ஒருவன் செய்த தவற்றுக்கு எல்லாருக்கும் விழும். நாடகம் முடிய விடியற்காலை ஆகிவிடும். பகலில் உறக்கம்; மீண்டும் பாடம். பள்ளிக்கூடம் என்பது பெரும்பாலோர்க்கு அதுவே.

இவை எல்லாவற்றினும் கொடியது மகரக்கட்டு. பத்து வயதில் வெண்கல மணிபோல் ஒலித்த குரல் பதினான்கு, பதினைந்து வயதில் உடைந்து கரகரத்துப்போகும். பாட்டே நாடகமாக இருந்த அக்காலத்தில், நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்ற பையன் மகரக்கட்டு வந்ததும் கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டியதுதான். சிலர் சமையற்கட்டுக்குப் போயினர். சிலர் திரை இழுத்தனர். எழுத்தறிவும் வேறு தொழிலும் அறியாமல் ஊர் திரும்பியவரும் உண்டு. பெயர் விளங்கிய நால்வரை நாம் அறிவோம். பெயர் மறைந்தவரை எவரும் எண்ணிக் கணக்கிடவில்லை.

இதைச் சொல்லும்போது அந்த ஆசிரியர்களைக் கொடியவர் என்று தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. சுவாமிகள் தம் மாணவர்பால் கொண்ட பரிவையும், அம்மாணவர்கள் அவர்பால் கொண்ட பத்தியையும் தி.க.சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை' என்னும் தம் நூலில் விரிவாகப் பதிவு செய்துள்ளார். இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்த சுவாமிகள் 1922ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1925இல், அண்ணன்மாரும் தம்பியுமாகச் சகோதரர் நால்வர் சேர்ந்து சொந்தச் சபை தொடங்கினர். முப்பது வயதளவில் சண்முகம் ஔவைப்பாட்டியாக நடித்து, ஔவை சண்முகம் என்றே பெயர் பெற்றார். அந்த நேர்த்தி பாலர் சபை தந்த கொடை என்பதையும் மறுப்பதற்கில்லை.

நம் திருச்சபையினர் தனியாக நினைவுகூர வேண்டிய மற்றொருவர் நவாப் ராஜமாணிக்கம். 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் நவாப் வேடத்தில் பெரும்புகழ் பெற்றதால் அப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய மதுரை தேவி பால விநோத சங்கீத சபை, கட்டுப்பாட்டுக்கும் வழிபாட்டுக்கும் பெயர் பெற்றது. இராமாயணமும் தசாவதாரமும் நடத்திய அச்சபையே 'ஏசுநாதர்' நாடகத்தையும் மேடையேற்றியது. பெரும்பாலும் இந்துச் சிறுவரான நடிகர்கள், இந்து ஆசிரியர் ஒருவரின் பயிற்சியில், நம் ஆண்டவரின் வாழ்வைத் தமிழ் மக்களுக்கு நடித்துக் காட்டினர். சமய நல்லிணக்கம் பற்றி மாநாடுகள் கூட்டும் இந்நாளில், டிக்கெட் விற்று அதை நடத்திக்காட்டிய அந்த மனிதருக்கு நம் ஏடுகளில் இன்னும் சற்று இடம் தரலாம்.

குழந்தையை மேடையேற்றும் ஆசை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1600ஆம் ஆண்டு இலண்டனில், அரச பாடகர் குழுவுக்குச் சிறுவரைப் பிடித்துவர அளிக்கப்பட்ட அதிகாரத்தைப் பயன்படுத்தி, பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த தாமஸ் கிளிப்டன் என்னும் சிறுவனை நாடகக் கொட்டகைக்காரர்கள் இழுத்துச் சென்றுவிட்டனர். தந்தை செல்வாக்குள்ளவர், ஆகவே மகன் திரும்பினான். அந்தச் செல்வாக்கு இல்லாதவர் பிள்ளைகள் நடித்துக்கொண்டேயிருந்தனர். முதியவர் வேடத்தில் தேர்ந்த சாலமன் பேவி என்ற சிறுவன் பதின்மூன்று வயதில் இறந்தபோது, பென் ஜான்சன் இரங்கற்பா எழுதினார்.

இயேசு சபையார் தம் பள்ளிகளில் நாடகத்தைப் பாடத்தின் துணையாக வைத்திருந்தனர். 1599ஆம் ஆண்டு அவர்கள் வகுத்த கல்வி நெறி, நாடகம் அரிதாகவே நடத்தப்பட வேண்டும், இலத்தீனில் இருக்க வேண்டும், பெண் வேடம் கூடாது என்றெல்லாம் விதித்தது. அவ்விதிகள் பல இடங்களில் மீறப்பட்டன என்பது வேறு செய்தி. புனித தொன் போஸ்கோ 1858இல் தம் சிறுவர் அரங்குக்கு விதிகள் எழுதியபோது, சிறுவரை மகிழ்விப்பதை நோக்கங்களுள் முதலாவதாக வைத்தார். கற்பிப்பதும் நெறிப்படுத்துவதும் அதனோடு சேர்ந்தன. நாடகம் சுருக்கமாக இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். தூரின் நகரின் தெருப்பிள்ளைகளோடு நாள் முழுதும் வாழ்ந்தவருக்கு, குழந்தை எப்போது களைக்கும் என்பது தெரிந்திருந்தது.

நம் சமவெளிக்குத் திரும்புவோம். சேலம் மறைமாவட்டம் உருவான 1930ஆம் ஆண்டில் பாலர் சபைகள் இன்னும் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தன. ஆனால் அடுத்த ஆண்டே தமிழ்ப் படம் பேசத் தொடங்கிவிட்டது. திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். நாடக மேடையிலிருந்து நடிகர்கள் படப்பிடிப்பு நிலையங்களை நாடி வந்தனர். நவாப் சபையில் பதின்மூன்று வயதில் சேர்ந்த எம்.என்.நம்பியார், 1950இல் இந்நிறுவனத்தின் 'திகம்பர சாமியார்' படத்தில் பல வேடங்களில் தோன்றினார். அதே ஆண்டு வெளியான 'மந்திரிகுமாரி'யில் எம்.ஜி.ராமச்சந்திரனும் அவரும் சேர்ந்து நடித்தனர். பாலர் சபையில் அடி வாங்கிக் கற்ற உச்சரிப்பு சேலத்துப் படங்களில் கணீரென்று ஒலித்தது. ஏற்காடு மலைச்சாலையில் அந்நிறுவனத்தின் நுழைவு வளைவு மட்டும் இன்று எஞ்சி நிற்கிறது.

சபைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஆனால் மனப்பாடம், அதட்டல், திரைக்குப் பின்னிருந்து வசனம் எடுத்துக்கொடுத்தல், தவறினால் தண்டனை என்னும் பழக்கங்கள் கலையவில்லை. பள்ளி ஆண்டுவிழாவில் அவை குடியேறின. மதிப்பெண்ணுக்குப் பெயர் பெற்ற நாமக்கல் வட்டாரத்தில் அவை இன்னும் வசதியாகவே வாழ்கின்றன என்று சொன்னால் சிலர் வருந்தக்கூடும். பிறரைச் சொல்வானேன்? நம் கதையையே சொல்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குப் பள்ளியின் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நாடகம் எழுதித் தருமாறு நம்மைக் கேட்டனர். வழக்கமான குடில் காட்சியோடு நிறுத்த நமக்கு மனம் வரவில்லை. ஏரோது மாசில்லாக் குழந்தைகளைக் கொல்விக்கும் காட்சியைச் சேர்த்தோம். ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை வாளோடு வீரர்களாயினர். அவர்களிடமிருந்து தாய்மார் காத்து நிற்கும் குழந்தைகளாக மழலையர் வகுப்புச் சிறார் அறுவர். ஒத்திகையில் எல்லாரும் சிரித்துக்கொண்டே செய்தனர். விழா இரவில் விளக்கு சிவப்பாயிற்று; பறை அதிர்ந்தது; வீரர்கள் கத்திக்கொண்டு பாய்ந்தனர். சிறு பெண்ணொருத்தி வீறிட்டு அழுதாள். மூச்சுத் திணறும்படி அழுதாள். அவையோர் கைதட்டினர். எவ்வளவு இயல்பான நடிப்பு என்று அருகிலிருந்தவர் நம் தோளைத் தட்டினார். நாமும் மகிழ்ந்தோம்; அதை மறைப்பதற்கில்லை.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து வந்து, யாரையும் கேளாமல் மேடைமீது ஏறி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சிலர் சிரித்தனர். இறங்கும் வழியில் நம் முன் நின்று, "ஏனுங்க, புள்ள நெசமாலுமே அழுவுதுன்னு உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவர்போலக் கேட்டார்.

தெரிந்திருந்தது என்பதே விடை. தெரிந்தும் நாடகத்தை நிறுத்தத் தோன்றவில்லை. எமன் வேடத்தைக் களைந்த சுவாமிகளின் கதையை அதற்கு முன்பே நாம் பலமுறை மேடைகளில் எடுத்துச் சொல்லியிருந்தோம்.

இன்று சட்டமும் ஓரளவு விழித்துக்கொண்டுள்ளது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் திரைப்படம், தொலைக்காட்சி போன்ற கேளிக்கைகளில் குழந்தைகள் கலைஞராகப் பங்கேற்பதை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. 2017இல் வந்த விதிகளின்படி நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக இட வேண்டும். பாலர் சபைக் காலத்தில் இதில் ஒன்று இருந்திருந்தால் எத்தனை வாழ்வுகள் வேறு வழியில் சென்றிருக்கும்! பள்ளி விழாவின் ஒத்திகை அறைக்குள் எந்த அலுவலரும் வந்து மணி பார்ப்பதில்லை. அங்கே ஆசிரியையின் மனமே விதி.

மறு ஆண்டும் நம்மிடமே நாடகம் கேட்டனர். இம்முறை எழுதுவதற்கு முன் மழலையர் வகுப்பில் மூன்று நாள் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். ஏரோது போய்விட்டான். ஆட்டுக்குட்டிகளுக்கு வசனம் இல்லை, விரும்பினால் கத்தலாம். முழு நாடகமும் பன்னிரண்டு நிமிடம். நடுவில் ஒரு வானதூதருக்கு இறக்கை கழன்றது. சூசையப்பர் அதை மாட்டிவிட முயன்று முடியாமல் தாமே பிடித்துக்கொண்டு நின்றார். திரை விழுந்தபின் எண்ணிப் பார்த்ததில் ஓர் ஆட்டுக்குட்டி குறைந்தது. தேடியபோது, குடிலுக்குள் வைக்கோல்மேல் சாய்ந்தபடி கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள், சென்ற ஆண்டு அழுத அதே சிறுமி. வீட்டுக்குப் போகலாம் என்று பாட்டி அழைத்தார். வரமாட்டேன் என்றாள். பாட்டியும் திரையை விலக்கிக்கொண்டு வந்து மேடைப் படியில் அமர்ந்துகொண்டார்.